ஸ்கேன் ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு, கன்ட்ரோல் ரூம் பேட்ச் போட விடமாட்டேன் என்கிறது. யார் பக்கம் நியாயம்?

புதுவயர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அலுவலக ஐடி பாதுகாப்பில் இருந்துவிட்டு, அண்மையில்தான் ஒரு மின்னுற்பத்தி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பக்கம் வந்திருக்கிறேன். வெளியிலிருந்து ஆள் வைத்து எடுத்த ஆய்வு அறிக்கை ஒன்று கையில் இருக்கிறது. ஆபரேட்டர் பார்க்கிற எச்எம்ஐ திரை, தரவைச் சேமிக்கிற ஹிஸ்டாரியன், லாஜிக் எழுதுகிற இன்ஜினியரிங் ஸ்டேஷன், கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கிற ரிலே, தொலைவிலிருந்து தகவல் அனுப்புகிற ஆர்டியு என்று எதைத் தொட்டாலும் பாதுகாப்பு ஓட்டை. பாதிக்கு மேல் 'கிரிட்டிக்கல்'.

நான் பழகிய இடத்தில், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) வந்தால் சீக்கிரமே எல்லாக் கணினியிலும் ஏறிவிடும். இங்கே கன்ட்ரோல் ரூம் பொறுப்பாளரிடம் பேச்செடுத்தால், "ஓடுற மெஷினைத் தொடாதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அடுத்த ஷட்டவுன் எப்போது என்று கேட்டால் கையை விரிக்கிறார். மேலிடமோ அடுத்த அறிக்கையில் சிவப்பே இருக்கக்கூடாது என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது?

---

ரிலேக்காரன் எழுதியது:

வாங்க தம்பி. அவர் பேச்சு முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. ஐடியில் பேட்ச் சொதப்பினால் மின்னஞ்சல் நிற்கும். இங்கே சொதப்பினால் டர்பைன் டிரிப் ஆகி நின்றுவிடும்.

2008 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹாட்ச் அணுமின் நிலையத்தின் 2ஆவது அலகில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். அலுவலக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினிக்கு ஒரு பொறியாளர் அப்டேட் போட்டார். அலுவலகப் பக்கம்தான், கட்டுப்பாட்டுப் பக்கம் கூட இல்லை. ஆனால் அந்தக் கணினி கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து வேதியியல் அளவுகளையும் இயந்திர நிலையைக் காட்டும் தரவுகளையும் வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத் தரவும் ஒன்றோடொன்று ஒத்திசையும்படி மென்பொருளை எழுதியிருந்தார்கள். ரீபூட் ஆனதும் இந்தப் பக்கம் தரவு அழிந்தது, அந்தப் பக்கமும் அழிந்தது. பாதுகாப்பு அமைப்பு அதை 'குளிர்விக்கும் நீர் குறைந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு உலையை நிறுத்திவிட்டது. 48 மணி நேரம் உற்பத்தி இல்லை. தாக்கியவர் யாரும் கிடையாது. நல்ல எண்ணத்தோடு போட்ட ஒரு அப்டேட், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த அறிக்கையை எடுத்தவர்கள் எப்படி ஸ்கேன் செய்தார்கள்? ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கிலா? பழைய பிஎல்சி (இயந்திரத்தை இயக்குகிற கட்டுப்பாட்டுக் கருவி), ஆர்டியு சிலவற்றுக்கு எதிர்பாராத பாக்கெட் நாலு வந்தாலே மூச்சடைத்துவிடும். ஒரு எரிவாயு நிறுவனம் அலுவலக நெட்வொர்க்கைச் சோதிக்க ஆள் அமர்த்தியது. வந்தவர்கள் கவனமில்லாமல் ஸ்கேடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்குகிற அமைப்பு) பக்கம் நுழைந்து அதை முடக்கிவிட, நாலு மணி நேரம் குழாயில் எரிவாயு அனுப்ப முடியவில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் 800-82 வழிகாட்டியிலேயே இந்தக் கதை இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்த மனிதர் சட்டென்று எப்படித் தம்பி தலையாட்டுவார்?

---

போர்ட்502 எழுதியது:

அண்ணா, ஹாட்ச் கதை வந்தால் டேவிஸ்-பெஸ் கதையும் கூடவே வர வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் 'தொடாமல் இருப்பதே பத்திரம்' என்று ஆகிவிடும்.

2003 ஜனவரி, ஒஹையோ மாநிலம், டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையம். தானாகப் பரவுகிற ஸ்லாமர் என்ற கணினிப் புழு உள்ளே புகுந்து, உலையின் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினியை 4 மணி 50 நிமிடம் செயலிழக்க வைத்தது. அந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே கொடுத்துவிட்டது. ஆறு மாதம் யாரும் போடவில்லை. புழு வந்த வழிதான் இதில் பெரிய பாடம். முன்வாசல் ஃபயர்வால் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவரின் தனி இணைப்பு ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே வந்தது. நல்லவேளை, அப்போது உலை வேறு காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

'எங்கள் நெட்வொர்க் வெளியே எதோடும் சேரவே இல்லை' என்று எந்த நிலையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு உட்கார்ந்து கேபிள் கேபிளாகத் தேடினால் ஒரு மோடமாவது கிடைக்கும்.

ரிலே விஷயத்துக்கும் வருகிறேன். 2016 டிசம்பர் 17, உக்ரைனில் கீவ் நகரின் வடக்கே 330 கிலோவோல்ட் துணைமின்நிலையம். இண்டஸ்ட்ராயர் என்று பெயர் பெற்ற தாக்குதல் நிரல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியது. அதற்குள் ஒரு பகுதி, சீமென்ஸ் சிப்ரோடெக் ரிலேக்களைச் செயலிழக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்டது. யுடிபி 50000 போர்ட்டுக்கு 18 பைட் பாக்கெட் ஒன்று போதும், ரிலே உறைந்துவிடும். ஆள் போய் ரீபூட் செய்தால்தான் மீளும். அந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2015-5374. அதைத் திருத்துகிற ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 2015லேயே வந்துவிட்டது, தாக்குதலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாக. ரிலேயைத் தொடாதே என்பவர்களுக்கு இதற்கு என்ன பதில்?

---

ஓரமா_நிக்கிறேன் எழுதியது:

பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

---

ரிலேக்காரன் எழுதியது:

> ரிலேயைத் தொடாதே என்பவர்களுக்கு இதற்கு என்ன பதில்?

பதில் இருக்கிறது. முதலாவது, அந்தப் பகுதி கடைசியில் வேலையே செய்யவில்லை. ஐபி முகவரியின் பைட் வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டதால் பாக்கெட்டுகள் ரிலேக்குப் போய்ச் சேரவில்லை என்று பின்னால் ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது, மின்பாதையைத் துண்டிக்கிற பிரேக்கர்களைத் திறந்தது எந்த ஓட்டையாலும் இல்லை. கருவிகள் பேசிக்கொள்கிற ஐஇசி 104, 61850 போன்ற நெறிமுறைகளில் முறையான கட்டளையை அனுப்பினார்கள், கருவி கீழ்ப்படிந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் 23, இன்னும் தெளிவு. உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். மின்னஞ்சலில் வந்த ஆபீஸ் கோப்பின் மேக்ரோவில் தொடங்கி, திருடிய விபிஎன் கடவுச்சொல்லில் முடிந்தது. ஆபரேட்டரின் கண் முன்னாலேயே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கரைத் திறந்தது. உலகத்தில் உள்ள எல்லா பேட்சையும் போட்டிருந்தாலும் அந்த மவுஸ் நகர்ந்திருக்கும்.

பேட்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேட்ச் போட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் வேண்டாம் என்கிறேன்.

---

போர்ட்502 எழுதியது:

பைட் வரிசையைத் தப்பாக எழுதுகிற எதிரியே அடுத்த முறையும் வருவான் என்று நம்பி உட்கார முடியாது அண்ணா. :)

ஆனால் நெறிமுறை பற்றிச் சொன்னது முழு உண்மை. மாட்பஸ் என்ற நெறிமுறை 1979இல் பிறந்தது, அதில் கடவுச்சொல் என்ற எண்ணமே இல்லை. 2022இல் ஃபோர்ஸ்கவுட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஐஸ்ஃபால் ஆய்வில் 10 தயாரிப்பாளர்களின் கருவிகளில் 56 பலவீனங்கள். பெரும்பாலானவை நிரல் எழுதும்போது நேர்ந்த தவறுகள் இல்லை, வடிவமைப்பே அப்படி. அவற்றில் பலவற்றுக்கு பேட்ச் என்று ஒன்று வரவே வராது, புது மாடல்தான் வரும். புதுவயர், உங்கள் அறிக்கையில் உள்ள சிவப்பில் இந்த வகை எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதைப் 'பேட்ச் பாக்கி' என்ற தலைப்பில் வைத்தால் எந்தக் காலத்திலும் தீராது.

---

டிசிஎஸ்_அக்கா எழுதியது:

நான் மறுபக்கத்தில் இருப்பவள். கட்டுப்பாட்டு அமைப்புகளை நிறுவிக் கொடுக்கிற சிஸ்டம் இன்டக்ரேட்டர். எங்களைத் திட்டத்தான் எல்லோரும் வரிசையில் நிற்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் பேட்ச் வந்த அன்றே உங்கள் டிசிஎஸ் (ஆலையை இயக்குகிற கட்டுப்பாட்டு அமைப்பு) சர்வரில் போட முடியாததற்குக் காரணம், தயாரிப்பாளர் அதைத் தன் ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்து 'இந்தப் பதிப்போடு இது ஒத்துப்போகும்' என்று பட்டியல் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாததைப் போட்டுவிட்டு ஏதாவது நின்றால், ஆதரவு ஒப்பந்தம் கைகொடுக்காது. இது சும்மா பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் டிகாம் கதையை நினைத்துப் பாருங்கள்.

2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் கணினிகளில் நிரல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுகிற டிகாமில் ஒரு பலவீனத்துக்குத் திருத்தம் கொடுத்தது. முதலில் விருப்பமிருந்தால் இயக்கிக்கொள்ளலாம். 2022 ஜூனில் தானாகவே இயங்கும், வேண்டாமென்றால் ரெஜிஸ்ட்ரியில் அணைக்கலாம். 2023 மார்ச் 14க்குப் பிறகு அணைக்கவே முடியாது. கட்டுப்பாட்டு மென்பொருள்கள் தரவு பரிமாறுகிற பழைய ஓபிசி முழுக்க டிகாம் மேல்தான் நிற்கிறது. ஒரு பக்கத்து சர்வரில் மட்டும் பேட்ச் ஏறி மறுபக்கத்தில் ஏறாமல் இருந்தால் ஹிஸ்டாரியனுக்குத் தரவு வராது, திரையில் எண்கள் உறைந்து நிற்கும். பட்டியலைப் பார்த்து, இரண்டு பக்கமும் திட்டமிட்டு மாற்றியவர்கள் பிழைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லா அப்டேட்டையும் போட்டவர்களும், எதையுமே போடாமல் இருந்து கடைசியில் புது சர்வர் ஒன்றைச் சேர்த்தவர்களும் ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள்.

அப்புறம், பேட்ச் எங்கிருந்து வருகிறது என்பது. 2014இல் ஹேவெக்ஸ் என்ற தீய நிரல் பரவியபோது, கட்டுப்பாட்டுக் கருவி மென்பொருள் விற்கும் மூன்று நிறுவனங்களின் இணையதளத்திலேயே நிறுவல் கோப்போடு அந்த நிரலையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினேன் என்பது மட்டும் போதாது. டிஜிட்டல் கையொப்பம், ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) இரண்டையும் சரிபார்த்து, ஒரு தனிக் கணினியில் வைத்துப் பார்த்து, பிறகுதான் உள்ளே. மைக்ரோசாஃப்ட் பேட்சை உள்ளே விநியோகிக்கிற டபிள்யூசஸ் சர்வரும் சாமி இல்லை. 2025 அக்டோபரில் அதிலேயே மோசமான ஓட்டை கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்ட் அடுத்த மாத வெளியீட்டுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் விட வேண்டியிருந்தது. எல்லாப் பெட்டிக்கும் பேட்ச் கொடுக்கிற பெட்டி, எல்லாப் பெட்டிக்கும் எதை வேண்டுமானாலும் கொடுக்கும்.

---

புதுவயர் எழுதியது:

நன்றி அக்கா, அண்ணா. கேட்கக் கேட்கத் தலை சுற்றுகிறது, ஆனால் பிடி கிடைக்கிறது. ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் போட முடியாது, சரி. எதை முதலில் என்று எப்படி முடிவு செய்வது? அறிக்கையில் சிவிஎஸ்எஸ் (ஓட்டையின் தீவிரம், 10க்கு) மதிப்பெண் வரிசைப்படி கொடுத்திருக்கிறார்கள். 9.8இல் தொடங்கி இறங்க வேண்டியதுதானா?

---

போர்ட்502 எழுதியது:

வேண்டவே வேண்டாம். அந்த மதிப்பெண் ஓட்டை எவ்வளவு பெரிது என்று சொல்லும். அது உங்கள் வீட்டுத் தெருவாசலில் இருக்கிறதா, உள்ளறைப் பரணில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

டென்மார்க் கதைதான் இதற்குச் சரியான பாடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே எரிசக்தித் துறைக்கென்று செக்டர்செர்ட் என்ற அமைப்பு இருக்கிறது. 2023 ஏப்ரல் 25 அன்று ஸைசெல் நிறுவனம் தன் ஃபயர்வாலில் ஓட்டை இருக்கிறது, திருத்தம் இதோ என்று அறிவித்தது. சிவிஇ-2023-28771. விபிஎன் பேசுகிற யுடிபி 500 போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால் போதும், பெயர் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் பெட்டி கைக்கு வந்துவிடும். செக்டர்செர்ட் தன் உறுப்பினர்களுக்கு அப்டேட் போடுங்கள் என்று எழுதியும் விட்டது. மே 11 அன்று ஒரே நேரத்தில் 16 எரிசக்தி நிறுவனங்கள் மேல் தாக்குதல், 11 நிறுவனங்களில் உடனே உள்ளே நுழைந்துவிட்டார்கள். பிறகு இரண்டாம் அலையும் வந்து, அந்த மாதத்தில் மொத்தம் 22. சிலர் இணையத்தைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக ஓட்ட வேண்டியிருந்தது.

ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். பெட்டி புதிதுதானே, அதில் புது மென்பொருள்தான் இருக்கும் என்று நினைத்தோம். அதைப் போடுவது விற்றவர் வேலை என்று நினைத்தோம். மென்பொருள் இலவசம், ஆனால் நிறுவ வருகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டும், அதனால் வேண்டாம் என்றோம். இன்னும் சிலருக்கு அப்படி ஒரு பெட்டி தங்கள் நெட்வொர்க்கில் இருப்பதே தெரியாது. இதில் ஒன்றுகூடத் தொழில்நுட்பக் காரணம் இல்லை, கவனித்தீர்களா? எந்த டர்பைனையும் நிறுத்தத் தேவையில்லாத பேட்ச் அது.

(இரண்டாம் அலை குறிவைத்துச் செய்தது இல்லை, இணையம் முழுக்க நடந்த பொதுவான வேட்டை என்று ஃபோர்ஸ்கவுட் பிறகு வாதிட்டது. என்னைக் கேட்டால் அது இன்னும் கவலைக்குரியது. யாரும் குறிவைக்காமலே மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.)

ஆகவே என் வரிசை இது. இணையத்தைப் பார்த்து நிற்கிற ஃபயர்வால், விபிஎன், ரிமோட் அணுகல் பெட்டிகளை நாள் கணக்கில் முடியுங்கள். அடுத்து அலுவலகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே உள்ள ஜம்ப் சர்வர் (உள்ளே போக இடைவழியாக நிற்கிற கணினி), ஹிஸ்டாரியன் நகல். பிறகு இன்ஜினியரிங் ஸ்டேஷன். லாஜிக்கை மாற்றும் சாவி அதனிடம் இருப்பதால் எச்எம்ஐயை விட அது முக்கியம். கன்ட்ரோலரும் ரிலேயும் கடைசியில், ஷட்டவுனோடு. ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து 'உண்மையிலேயே சுரண்டப்படுகிற பலவீனங்கள்' பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருப்பது எதுவானாலும், மதிப்பெண் 6 ஆக இருந்தாலும், மேலே ஏற்றுங்கள்.

---

தணிக்கைத்_தும்பி எழுதியது:

தணிக்கைக்காரர்கள் சார்பில் ஒரு குரல்.

வட அமெரிக்க மின்கட்டமைப்புக்கான நெர்க் சிப்-007 விதியைப் பலரும் 'பேட்சை 35 நாளில் போட்டாக வேண்டும்' என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். விதி சொல்வது அதுவல்ல. 35 நாளுக்கு ஒருமுறையாவது புதிதாக வந்த பாதுகாப்பு பேட்ச் உங்களுக்குப் பொருந்துமா என்று மதிப்பிட வேண்டும். மதிப்பிட்ட பிறகு அடுத்த 35 நாளுக்குள் ஒன்று போட வேண்டும், அல்லது தேதியிட்ட தணிப்புத் திட்டம் எழுத வேண்டும், அல்லது ஏற்கனவே உள்ள திட்டத்தைத் திருத்த வேண்டும். ஆக, 'இப்போது போடமாட்டோம்' என்பதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. 'பார்க்கவே இல்லை' என்பதற்குத்தான் இல்லை.

நடைமுறையில் கெட்டுப்போவதும் அந்தத் தணிப்புத் திட்டத்தில்தான். 'அடுத்த ஷட்டவுனில் போடப்படும்' என்று எழுதுவார்கள். ஷட்டவுன் வரும், மெக்கானிக்கல் வேலை இழுத்துக்கொண்டு போகும், பேட்சுக்கு ஒதுக்கிய நேரம் காணாமல் போகும், திட்டத்தில் தேதி மட்டும் மாறும். இடைப்பட்ட காலத்துக்கு என்ன தடுப்பு என்று கேட்டால் 'ஃபயர்வால் இருக்கிறது' என்று ஒரு வரி. எந்த விதி, எந்த போர்ட், யார் சோதித்தார் என்று கேட்டால் அமைதி.

புதுவயர், மேலிடத்தில் சிவப்பைக் குறைக்கச் சொன்னால், 'திறந்திருக்கிறது' என்ற ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள்: போட்டாயிற்று, தடுப்பு வைத்துக் காத்திருக்கிறது, இதுவரை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதுதான் பூஜ்யம் ஆக வேண்டும். நான் தணிக்கைக்கு வந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

---

ஓரமா_நிக்கிறேன் எழுதியது:

இதுவரை வாசித்ததில் தணிக்கைக்காரர் ஒருவர் சொன்னதை முதல் முறையாக ஒத்துக்கொள்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டேன்.

---

ரிலேக்காரன் எழுதியது:

தும்பி சார் சொன்ன 'காணாமல் போகும் நேரம்' உண்மை. அதற்கு ஒரே வழி, பேட்சை மற்ற பராமரிப்பு வேலை போலவே வேலை ஆணை, பெர்மிட், பொறுப்பாளர் கையெழுத்து என்று ஓவர்ஹால் (பெரிய பராமரிப்பு) அட்டவணைக்குள் நுழைப்பது. ஐடி ஆள் தனியாக ஒரு எக்செல் வைத்திருந்தால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். பேரிங் மாற்றும் வரிக்குக் கீழேயே 'சர்வர் பேட்ச்' என்றும் ஒரு வரி இருக்க வேண்டும்.

இனி, எப்படிப் போடுவது. பொறுப்பாளர் பயம் பாதி இங்கேதான் தீரும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஜோடியாக ஓடுகிற சர்வரில் முதலில் மாற்றாக நிற்கிற ஸ்டாண்ட்பையை மட்டும் தொடுங்கள். போட்டு, ரீபூட் செய்து, முதன்மையோடு ஒத்திசைந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அன்றே அடுத்ததைத் தொடாதீர்கள். சுமை ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றாவது புதிதில் ஓடட்டும். அலாரம் வருகிறதா, டிரெண்ட் வரைகிறதா, ரிப்போர்ட் அச்சாகிறதா என்று ஆபரேட்டரையே பார்க்கச் சொல்லுங்கள். பாக்கெட் போகிறது என்று நீங்கள் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வராது. மாற்றும் நேரமும் முக்கியம்: ஸ்டார்ட்-அப், லோடு மாற்றம், புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

ரிலேக்கு வருவோம். உயர் அழுத்தப் பாதைகளில் பெரும்பாலும் மெயின்-1, மெயின்-2 என்று இரண்டு பாதுகாப்பு இருக்கும், பல இடங்களில் வேறு வேறு தயாரிப்பு. மெயின்-1 காவலில் நிற்கும்போது மெயின்-2ஐ வெளியே எடுத்து ஃபர்ம்வேர் மாற்றலாம், லைனை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஃபர்ம்வேர் ஏற்றுவது சின்ன வேலை, பெரிய வேலை அதற்குப் பிறகுதான். பதிப்பு மாறினால் செட்டிங் கோப்பின் வடிவமும் மாறலாம். ஏதோ ஒரு அளவு இயல்புநிலைக்குத் திரும்பி உட்கார்ந்திருக்கும். அதனால் பழைய செட்டிங்கையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பிரேக்கரைத் திறக்கிற டிரிப் சர்க்யூட்டைத் தனிமைப்படுத்தி, செகண்டரி இன்ஜெக்ஷன் (ரிலேக்குச் சோதனை மின்னோட்டம் செலுத்துவது) செய்து, எந்த மண்டலத்தில் எத்தனை மில்லிசெகண்டில் இயங்குகிறது என்று மறுபடி பார்க்க வேண்டும். ரிலேக்கள் ஒன்றுக்கொன்று அனுப்புகிற கூஸ் செய்திகள் துணைமின்நிலையத்தின் அடுத்த பிரிவுக்கு (பே) சரியாகப் போய்ச் சேர்கிறதா, நேர ஒத்திசைவு இருக்கிறதா, கோளாறு நேரத் தரவு (டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டு) பதிகிறதா என்பதெல்லாம் அப்புறம். இவ்வளவும் முடிக்காமல் சேவைக்கு விட்டால், ஓட்டையை அடைத்துவிட்டு காவலாளியைத் தூங்கவிட்ட கதைதான்.

அதனால்தான் தம்பி, ரிலே பேட்ச் என்று யாராவது சொன்னதும் எங்களுக்கு வேலைப் பட்டியல் கண்முன் ஓடும். வழக்கமான ரிலே சோதனைச் சுற்று எப்படியும் வரும் இல்லையா, ஃபர்ம்வேரை அதோடு சேர்த்துவிடுங்கள். எப்படியும் இன்ஜெக்ஷன் செய்யத்தான் போகிறோம். அதுவரைக்கும் அந்த 50000 மாதிரித் தேவையில்லாத போர்ட்டைத் துணைமின்நிலைய சுவிட்சிலோ ஃபயர்வாலிலோ அடையுங்கள். அதற்கு ரிலேயைத் தொடவே வேண்டாம்.

---

போர்ட்502 எழுதியது:

இதை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு நிறுத்த அமைப்புகள் பற்றி.

2017இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், அந்த வகையைச் சேர்ந்த ட்ரைகோனெக்ஸ் கன்ட்ரோலர்களை ட்ரைட்டன் என்ற நிரல் தாக்கியது. ஃபர்ம்வேரில் அதுவரை யாருக்கும் தெரியாத ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தினார்கள், அதனால் பேட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அது 'புரோகிராம்' நிலையில் விடப்பட்டிருந்தது. 'ரன்' நிலையில் இருந்திருந்தால் புது லாஜிக்கை ஏற்றியிருக்க முடியாது. புதுவயர், நாளைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு பேனல் பேனலாகப் போய் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். காசு செலவில்லாத தணிப்பு.

---

புதுவயர் எழுதியது:

பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. சில சாவிகள் எங்கே இருக்கின்றன என்பதே இனிமேல்தான் தேட வேண்டும்.

அக்காவிடம் ஒரு கேள்வி. போட்ட பிறகு தவறாகப் போனால் பின்வாங்குவது எப்படி? பொறுப்பாளர் முதலில் கேட்டது இதைத்தான். எங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று சொன்னேன், "எப்போ ரிஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?" என்றார்.

---

டிசிஎஸ்_அக்கா எழுதியது:

அவர் விவரமான ஆள். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

சர்வருக்குப் பேட்சுக்கு முன்னால் முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்க்கின் அப்படியே நகல்). வெறும் ப்ராஜெக்ட் பேக்கப் போதாது. லைசென்ஸ், டிரைவர், ரெஜிஸ்ட்ரி மாற்றம் எல்லாம் அதில் வராது. பழைய வன்பொருளாக இருந்தால் அதே மாடல் உதிரி டிஸ்க்கில் ரிஸ்டோர் செய்து, பூட் ஆகிறதா என்று கண்ணால் பாருங்கள். சில மென்பொருளின் லைசென்ஸ் டிஸ்க்கின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும், ரிஸ்டோர் ஆனாலும் திறக்காது. இது நடுராத்திரியில் தெரியவரக் கூடாது.

ஃபர்ம்வேரில் இன்னும் கவனம். சில கருவிகளில் புதிய பதிப்பு ஏறிவிட்டால் பழையதுக்கு இறங்க முடியாது, வேண்டுமென்றே அப்படிப் பூட்டியிருப்பார்கள். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு மூலையில் எழுதியிருக்கும். அப்படிப்பட்டதுக்குப் பின்வாங்கும் வழி என்பது பழைய ஃபர்ம்வேரோடு அலமாரியில் தயாராக இருக்கும் ஒரு உதிரிக் கருவிதான்.

எந்த நிமிடத்தில் பின்வாங்குவது என்பதையும் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குக் கிடைத்த நேரத்தில் ரிஸ்டோருக்கு ஆகும் நேரத்தைக் கழித்தால் வருவதுதான் அந்த எல்லை. அந்த மணி அடித்ததும், 'இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்' என்று யாரும் சொல்லக்கூடாது. என்னைப் போன்ற இன்டக்ரேட்டர் ஆட்கள்தான் அதிகம் சொல்வோம், எங்களைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் உக்ரைனில் சாண்ட்வார்ம் என்ற ஹேக்கர் கும்பல் தாக்கியபோது உள்ளே இருந்த மைக்ரோஸ்கேடா கட்டுப்பாட்டு மென்பொருள், தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பதிப்பு. அந்த மென்பொருளின் சொந்தக் கருவியைக் கொண்டே கட்டளைகளை ஓட்டினார்கள். ஆதரவு முடிந்துபோன பதிப்புக்கு பேட்ச் என்று காத்திருப்பதில் பயனில்லை. அங்கே அனுமதிப் பட்டியலில் உள்ள நிரல் மட்டும் ஓட விடுவது, யூஎஸ்பியை அடைப்பது, புதுப்பிப்புக்குப் பட்ஜெட் கேட்பது என்று வேறு பாதை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பேட்ச் சோதனைப் பட்டியல் எத்தனை நாளில் தருவீர்கள், நிறுவும் கூலி யார் தலையில் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். டென்மார்க்காரர்கள் சறுக்கிய இடம் அதுதானே.

---

புதுவயர் எழுதியது:

பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசினேன். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போகாமல், நெட்வொர்க் வரைபடத்தை மட்டும் கொண்டுபோனேன். "இதுல எது வெளியிலிருந்து தெரியும்?" என்று அவரே பேனாவை எடுத்துக்கொண்டார். வரைபடத்தில் இல்லாத இரண்டு இணைப்புகளை அவரே வரைந்தார். ஒன்று கருவி விற்றவர் தொலைவிலிருந்து அதிர்வு அளவு பார்க்கிற பெட்டி.

முடிவானது: விளிம்பில் உள்ள ஃபயர்வால், விபிஎன் பெட்டிகள் என் பொறுப்பு, அவரிடம் தகவல் மட்டும் சொன்னால் போதும். விற்றவர் பெட்டிக்கு எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு கிடையாது. கேட்டால் திறப்போம், வேலை முடிந்ததும் மூடுவோம். சர்வர்களை அண்ணா சொன்னபடி ஸ்டாண்ட்பையிலிருந்து தொடங்குகிறோம், அதற்கு முன்னால் ஒரு இமேஜை உதிரி டிஸ்க்கில் ஏற்றிப் பார்ப்பது அவர் போட்ட நிபந்தனை. ரிலே ஃபர்ம்வேர் சோதனைச் சுற்றோடு. மேலிடத்துக்குத் தும்பி சாரின் மூன்று கட்டம். எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

---

போர்ட்502 எழுதியது:

சோதனைக்கு வருகிறவர்கள் ரிலேயில் குத்துகிற லேப்டாப். அது எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் எல்லாக் கருவியையும் தொடும். உங்கள் லேப்டாப் ஒன்றையே கொடுத்துவிடுங்கள், வெளியார் கணினி உள்ளே வர வேண்டாம்.

---

ரிலேக்காரன் எழுதியது:

அப்படியே ஸ்டோருக்கும் ஒரு நடை போய்விட்டு வாங்க தம்பி. பேனலில் இருக்கிற ரிலே எல்லாவற்றுக்கும் புது ஃபர்ம்வேர் போட்டு முடித்திருப்பீர்கள். ஒருநாள் ஒன்று பழுதாகும், ராத்திரி ஷிஃப்ட்டில் ஸ்டோரிலிருந்து உதிரியை எடுத்து மாட்டுவார்கள். அது வாங்கிய காலத்துப் பதிப்பிலேயே பெட்டிக்குள் இருந்திருக்கும். பழைய ஓட்டை சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும், செட்டிங் கோப்பும் அதில் ஏறாமல் போகலாம். உதிரிகளின் பதிப்பையும் அதே பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். பின்வாங்குவதற்கென்று அக்கா சொன்ன மாதிரி ஒன்றைப் பழைய பதிப்பில் வைக்கிறீர்கள் என்றால், பெட்டி மேலேயே எழுதி ஒட்டி, அப்டேட் நிலைபெற்ற பிறகு அதையும் ஏற்றிவிடுங்கள்.